நிராகரிப்புக் கடிதத்தில் இருந்த ஒரு வரி

மாநகராட்சியின் அவசர நிதியுதவி கேட்டு நான் அளித்த விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதாகக் கடிதம் வந்த இரவே, எங்கள் வீட்டின் கஷ்டங்களையெல்லாம் கொட்டி நான்கு பக்க முறையீடு ஒன்றை எழுதினேன். வேலை போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. மின் இணைப்பைத் துண்டிக்கப்போவதாக அறிவிப்பும் வந்திருந்தது. ஆனால் மறுநாள் காலையில் கடிதத்தை நிதானமாகப் படித்தபோது, அந்த நான்கு பக்கங்களில் ஒரு வரிகூட அவர்கள் சொன்ன காரணத்துக்குப் பதிலாக இல்லை என்பது புரிந்தது.

"கணக்கில் போதிய இருப்பு உள்ளது" என்பதுதான் காரணம். நான் இணைத்திருந்த வங்கிக் கணக்கு அறிக்கை 4ஆம் தேதியோடு முடிந்திருந்தது. வாடகை கழிந்ததோ 5ஆம் தேதி. அதிகாரி பார்த்த தொகை உண்மையானதுதான், ஆனால் அது ஒரே நாள் மட்டும் எங்களிடம் இருந்த பணம். எனவே 6ஆம் தேதி வரையிலான அறிக்கையை எடுத்து, வாடகை கழிந்த வரியின் கீழ் கோடிட்டு, துண்டிப்பு அறிவிப்பின் நகலையும் சேர்த்து, ஒரே பக்கத்தில் மறுபரிசீலனை கோரினேன்.

மேல்முறையீட்டுக்கான கெடு, கடிதத்தின் தேதியிலிருந்தா கையில் கிடைத்த நாளிலிருந்தா என்பது இடத்துக்கு இடம் மாறும் என்பதால், கடித உறையையும் பத்திரப்படுத்துங்கள். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையிட்டு வாங்குங்கள். நிலைமை மோசமாகிப் புதிதாக விண்ணப்பித்தாலும் பழைய கெடு தானாக நீளும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள்.

நியூயார்க் நகரில் உதவித்தொகை பெற்றுவந்தவர்கள் தொடுத்த கோல்ட்பெர்க் எதிர் கெல்லி வழக்கில், உரிய விசாரணைக்கு முன் உதவியை நிறுத்தக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1970இல் தீர்ப்பளித்தது. அது புதிய விண்ணப்பங்களைப் பற்றியதன்று. எனினும், தகுதியுள்ளவர் முடிவுக்காகக் காத்திருக்கும் நாள்களில் வாழ வழியின்றிப் போவார் என்று நீதிபதிகள் கருதியதைப் படித்தபோது, எங்கள் வீட்டு நிலையை யாரோ அருகிலிருந்து பார்த்துச் சொன்னதுபோல் இருந்தது.

பதில் 18ஆம் நாள் வந்தது. மின்கட்டண நிலுவையை முழுவதுமாக ஏற்றுக்கொண்டார்கள். உணவுச் செலவுக்கான கோரிக்கையை மட்டும் வேறொரு காரணம் சொல்லி மறுத்திருக்கிறார்கள். அந்தக் காரணத்துக்கான பதிலை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.