மின்சாரம் நின்ற பிறகும் மிஞ்சும் காற்று

உயர்நிலைப் பள்ளி ஒன்றின் ரோபோ இணைப்பாட நடவடிக்கையில் தொண்டூழியராக உதவி வருகிறேன். வெக்ஸ் வி5 என்னும் மாணவர் ரோபோ போட்டிக்காக மாணவர்கள் கட்டிய ரோபோவின் பிடிகரத்தை இயக்க, அழுத்தப்பட்ட காற்றால் தண்டைத் தள்ளி இழுக்கும் காற்றுச் சிலிண்டர் ஒன்றைப் பொருத்தினோம். அப்போட்டியில், சிலிண்டருக்குக் காற்றைத் தரும் கலனுக்குள் 100 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) வரை மட்டுமே காற்றடைக்கலாம். அந்த அழுத்தத்தில், 10 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள சிறிய சிலிண்டர்கூட ஏறத்தாழ ஐந்தரைக் கிலோ எடைக்குச் சமமான விசையுடன் தள்ளும்.

அந்த விசையின் பொருளை ஒரு சனிக்கிழமைப் பயிற்சியில் உணர்ந்தோம். பிடிகரத்தில் சிக்கிய கேபிள் டையை ஒரு மாணவி எடுத்துக்கொண்டிருக்க, பாதுகாப்புக்காகவே இன்னொருவர் ரோபோவின் மின்சாரத்தை நிறுத்தினார். அக்கணமே கரம் மூடிக்கொண்டது. மாணவியின் விரல் கன்றிப்போனது. மின்சாரம் நின்றதும், காற்று செல்லும் வழியை மின்சாரத்தால் மாற்றும் சோலனாய்டு வால்வின் சுருள்வில் அதைப் பழைய நிலைக்குத் தள்ள, கலனில் இருந்த காற்று, கரம் மூடும் திசையில் சிலிண்டரைச் செலுத்திவிட்டது. இதை முன்கூட்டியே யோசிக்காதது என் பிழை.

சிலிண்டருக்குச் செல்லும் இரு குழாய்களையும் வால்வில் இடம் மாற்றிச் செருகினோம். மின்சாரம் நின்றால் இப்போது கரம் திறக்கிறது. கலன், குழாய்கள் ஆகிய இரண்டிலும் உள்ள காற்றை ஒருசேர வெளியேற்றும் கைவால்வை எளிதில் எட்டும் இடத்தில் பொருத்தி, அழுத்தமானி பூஜ்யத்தைக் காட்டும்வரை எவரும் கரத்துக்குள் கைவைக்கக் கூடாது என்று விதித்தோம். காற்றடைக்கும்போது பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயமாயிற்று.

கசிவைத் தேடுவதில்தான் அதிக நேரம் போயிற்று. கத்தரிக்கோலால் சாய்வாக வெட்டிய குழாய் முனைகள் இணைப்பியில் சரியாகப் பொருந்தவில்லை. குழாய்வெட்டியால் நேராக வெட்டி, சவர்க்கார நீர் தடவிப் பார்த்தபோது குமிழிகள் நின்றன. அதன் பின்னும் அழுத்தம் சற்று இறங்கியதற்குக் காரணம் கசிவன்று, பம்ப் அடிக்கும்போது சூடான காற்று ஆறியதே என்பதைச் சில நிமிடங்கள் காத்திருந்தே புரிந்துகொண்டோம்.

இங்கே குளிர்சாதன அறையிலிருந்து வெளியே போவதையும் கணக்கிட வேண்டும். 24 டிகிரி செல்சியஸில் 100 பிஎஸ்ஐ இருக்கும் கலன் 32 டிகிரியில் ஏறக்குறைய 103 ஆகிவிடும். ஆகவே, அறையில் காற்று ஆறிய பிறகு 95-ஐத் தாண்டாதபடி அடைக்கிறோம். களத்துக்குள் போகுமுன் அழுத்தமானியை இருவர் தனித்தனியே படித்துச் சொல்கிறார்கள்.