தரங்கம்பாடி புது எருசலேம் ஆலயம்

தரங்கம்பாடிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் டேனிஷ் கோட்டையைப் பார்த்துவிட்டு, கடற்கரையில் கால் நனைத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். ராஜ வீதியிலுள்ள புது எருசலேம் ஆலயத்துக்குள்ளும் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகவேண்டும்.

வாசலில் நின்று முதலில் மேலே பாருங்கள். வளைவு நெளிவான முகப்பில் ஒரு கிரீடம். அதனோடு பின்னிய எழுத்துகள், டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக்கின் முத்திரை. ஜெர்மானிய மிஷனரிகளான சீகன்பால்கையும் புளூட்சோவையும் இங்கே அனுப்பியவர் இந்த மன்னர்தான். இருவரும் 1706 ஜூலை 9 அன்று கரையிறங்கினார்கள். அனுப்பியது மன்னர் என்றாலும் இங்கிருந்த டேனிஷ் ஆளுநருக்கு அவர்களைப் பிடிக்கவில்லை. 1708-இல் சீகன்பால்கைப் பிடித்து அதே கோட்டையில் நான்கு மாதம் அடைத்து வைத்தார். கோட்டையைப் பார்த்த கையோடு ஆலயத்துக்கு நடந்து வரும்போது இது மனதை என்னவோ செய்கிறது.

1707-இல் கட்டிய முதல் ஆலயம் சிறியது. சபை வளர்ந்தது. 1718 அக்டோபர் 11 அன்று இந்தப் புதிய ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்தார்கள். கட்டடமே சிலுவை வடிவம். உள்ளே போய் நடுவில் நின்றால்தான் அது முழுதாகப் புரிகிறது: நான்கு பக்கமும் கைகள் விரிகின்றன, நாம் நிற்பது அவை கூடுகிற இடம். வானளாவும் கோபுரம் கிடையாது. தடித்த சுவர்கள், வெள்ளைப் பூச்சு, அவ்வளவுதான். எனக்கு அந்த எளிமைதான் பிடித்திருக்கிறது. கண் அலைபாயாமல் ஜெபிக்க முடிகிறது.

பிரதிஷ்டை முடிந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை, 1719 பிப்ரவரி 23 அன்று சீகன்பால்கு இறந்துபோனார். வயது 36. இந்த ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். அவருடைய உடன் ஊழியர் கிருண்ட்லரின் கல்லறையும் இங்கேதான் இருக்கிறது. வெளியே மன்னரின் கிரீடம், உள்ளே அந்த மன்னரின் ஆளுநர் சிறையில் போட்ட மனிதரின் கல்லறை. அங்கே முழங்காலிட்டபோது என் வாயில் வந்தது நன்றி ஒன்றுதான். தமிழில் புதிய ஏற்பாடு 1715-இல் முழுமையாக அச்சாகி வந்தது இதே ஊரில், அவருடைய உழைப்பால். சிறுவயது முதல் தமிழிலேயே வேதம் வாசிக்கிற என்னைப் போன்றவர்களுக்கு அது சின்ன விஷயமில்லை.

2004 சுனாமி இந்த ஆலயத்தையும் விட்டுவைக்கவில்லை. அப்புறம் பழுதுபார்த்துப் புதுப்பித்தார்கள். இன்று தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் ஆலயமாக வழிபாடு நடக்கிறது. முடிந்தால் ஞாயிற்றுக்கிழமை போங்கள். ஆராதனையில் சபையாரோடு சேர்ந்து பாடலாம்.