காளவாசல் சிக்னலில் இடித்தது, கைக்காசில் முடித்தது

போன வாரம் சாயங்காலம் காளவாசல் பாலத்துக்குக் கீழே, சிக்னலில் முன்னால் நின்ற ஆல்டோவின் பின்னால் இடித்துவிட்டேன். பச்சை விழுந்ததும் அவர் கிளம்பிவிட்டார் என்று நினைத்து பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன், குறுக்கே வந்த ஷேர் ஆட்டோவுக்காக அவர் சட்டென்று நிறுத்த, டப்பென்று ஒரு சத்தம். தப்பு முழுக்க என்னுடையது.

இறங்கி வந்தவருக்கு அறுபது வயது இருக்கும், திருமங்கலத்துக்காரர். "அடி எதுவும் படலையே தம்பி?" என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியைப் பார்த்தார். வெள்ளை பம்பரில் என் வண்டியின் சிவப்பு கோடாக ஒட்டியிருந்தது, கட்டைவிரலால் தேய்த்தார், போகவில்லை. பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு விரிசல்.

"இன்சூரன்ஸ்ல போட்டா என் நோ கிளைம் போனஸ் போயிரும் தம்பி, மூணு வருசமா சேத்தது."

நியாயமான பேச்சு. கிளைம் போடாத வருடங்களுக்காக பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடிதான் அந்த போனஸ், ஒரு கிளைம் போட்டால் போய்விடும். என் பாலிசியின் தேர்டு பார்ட்டி பகுதியில், அதாவது அடுத்தவருக்கு நான் செய்த சேதத்துக்கான பகுதியில், அவர் பணம் வாங்க வேண்டுமென்றால் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயம் வரை போக வேண்டும், இந்தச் சின்ன விரிசலுக்கு யாரும் அவ்வளவு தூரம் அலைவதில்லை, தன் பாலிசியிலேயே போட்டுவிடுகிறார்கள். இடித்தவன் நான், போனஸ் போவது அவருக்கா? பட்டறைக்கு போன் போட்டுக் கேட்டார், 4,200 என்றார்கள். அங்கேயே ஜீபே பண்ணினேன். இரண்டு வண்டி எண், தேதி, முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் என் வண்டி. ஷோரூமில் புது பம்பர் 5,000, பெயிண்டிங் 4,000, கூலி 1,000 என்றார்கள். தேய்மானம் கழிக்காமல் முழுதாகத் தரும் ஜீரோ டெப் என்னிடம் கிடையாது. பிளாஸ்டிக் பாகத்துக்குத் தேய்மானம் 50%, அதில் 2,500 போச்சு, பெயிண்டில் 500, ஒவ்வொரு கிளைமிலும் நாமே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,000. கிளைம் போட்டால் கைக்கு வருவது 6,000. மறுபக்கம், நான்கு வருடம் கிளைம் போடாததால் 45% போனஸில் இருக்கிறேன், அடுத்த புதுப்பிப்பில் 50%. இப்போது போட்டால் பூஜ்யம், பிறகு 20, 25, 35, 45 என்று திரும்ப ஏற வேண்டும். போனஸ் கழிக்கப்படும் சொந்தச் சேத பிரீமியம், அதாவது என் வண்டியின் சேதத்துக்கான பகுதி, கழிவுக்கு முன் வருடம் 6,000 என்பதால் ஐந்து வருடத்தில் 7,500 இழப்பு, ஜிஎஸ்டி தனி. ஆறாயிரம் வாங்க ஏழரை ஆயிரம் கொடுப்பதா? பில் முப்பதாயிரம் என்றால் யோசிக்காமல் கிளைம் போட்டிருப்பேன்.

ஆனால் யாருக்காவது சிராய்ப்பு என்றாலும் இப்படி ரோட்டில் பேசி முடித்திருக்க மாட்டேன். ஆஸ்பத்திரி, போலீஸ், இன்சூரன்ஸ் மூன்றுக்கும் சொல்லியாக வேண்டும், சட்டமும் அதுதான். உள்காயம் சில சமயம் மறுநாள்தான் தெரியும்.

கூடல்நகர் பக்கம் ஒரு பட்டறையில் பழைய பம்பரையே பிளாஸ்டிக் வெல்டிங் வைத்து பெயிண்ட் அடித்துத் தந்தார்கள், 3,800. வெயிலில் உற்றுப் பார்த்தால் அந்த இடத்தில் சிவப்பு கொஞ்சம் தூக்கலாகத் தெரிகிறது, எனக்கு அது போதும்.