தூண்டிலுக்கு முன் அலவாங்கு

டிசெம்பர் பிறந்ததும் எனக்கு வருகிற தொலைபேசி அழைப்புகளில் பாதி ஒரே கேள்வியோடுதான் வருகின்றன: "அண்ணை, உறைந்த சிம்கோ ஏரியில் துளை போட்டு மீன்பிடிக்க என்ன தூண்டில் வாங்கலாம்?" முதலில் ஓர் அலவாங்கு வாங்குங்கள் என்று நான் சொன்னதும் மறுமுனையில் சிறிது நேரம் பேச்சு நின்றுவிடும். வாழைக்குக் குழி தோண்டுகிற இரும்பை மீன்பிடிக் கருவிகளின் பட்டியலில் முதலாவதாக வைக்கிறவனிடம் மேற்கொண்டு என்ன கேட்பது என்று யோசிப்பார்கள் போலும். தொலைபேசியில் சொல்லி முடிக்க இயலாத விளக்கத்தை இங்கே எழுதி வைக்கிறேன்.

ரொறன்ரோவிலிருந்து வடக்கே ஏறத்தாழ ஒரு மணி நேரம் காரோட்டினால் சிம்கோ ஏரி வந்துவிடும். 700 சதுர கிலோமீற்றருக்கு மேல் பரந்த இந்த ஏரி, ஒரே நாளில், ஒரே மாதிரி உறைவதில்லை என்பதைத்தான் புதிதாக வருகிறவர்கள் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். தெற்கிலுள்ள குக்ஸ் குடா ஆழம் குறைந்தது. அங்கே பனிக்கட்டி முந்திப் பிடிக்கும். மேற்கே பாரி நகரத்தை ஒட்டிய கெம்பன்ஃபெல்ட் குடா 40 மீற்றர் வரை ஆழமானது. அவ்வளவு நீரும் குளிர்ந்து முடிய வாரங்கள் பிடிப்பதால் அங்கே பிந்தித்தான் உறையும். ஆகவே, "சிம்கோ உறைந்துவிட்டது" என்று யாராவது சொன்னால், எந்தக் கரையில் என்று கேளுங்கள். வடமுனையில் குச்சிச்சிங் ஏரிக்குத் தண்ணீர் போகிற ஒடுக்கமான இடத்தில் நீரோட்டம் இருப்பதால், கடுங்குளிரிலும் அங்கே பனியை நம்ப முடியாது. அந்த ஒடுக்கத்தில்தான் முதற்குடி மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் நீருக்குள் மரக்கம்புகளை நட்டு மீனை மறித்துப் பிடித்தார்கள். தண்ணீரில் மரங்கள் நிற்கும் இடம் என்று பொருள்படும் மோஹாக் மொழிச் சொல்லே பிற்பாடு தெற்கே இறங்கி வந்து ரொறன்ரோ என்ற பெயராயிற்று என்பார்கள். நாம் வாழும் நகரத்தின் பெயரே ஒரு மீன்பிடிப் பட்டியிலிருந்து வந்தது என்பதில் எனக்குத் தனிப்பட்ட மகிழ்ச்சி உண்டு.

அலவாங்குக்கு வருகிறேன். நான் பனியில் மீன்பிடிக்கத் தொடங்கிய இரண்டாவது குளிர்காலத்தில், குக்ஸ் குடாவின் கரையோரமாக, எனக்கு முன்னே யாரோ நடந்துபோன காலடித் தடத்தைப் பின்பற்றி நடந்துகொண்டிருந்தேன். தடம் இருக்கிற இடம் பத்திரமான இடம் என்பதுதான் என் கணக்கு. சிற்றோடை ஒன்று ஏரியில் கலக்கும் வாய்க்கு அருகே, எந்த எச்சரிக்கையும் இல்லாமல், என் இடது கால் தொடைவரை உள்ளே போயிற்று. வலது முழங்கால் பனியில் ஊன்றி நின்றதால் தப்பினேன். காலை வெளியே இழுத்தபோது சப்பாத்துக்குள் ஒரு வாளித் தண்ணீர் இருந்தது. காருக்குத் திரும்பி நடந்த இருபது நிமிடத்தில் காற்சட்டை தகரம்போல் விறைத்து, ஒவ்வொரு அடிக்கும் சத்தமிட்டது. அந்தத் தடத்துக்குரியவர் முதல் நாள் காலையில் நடந்திருக்கலாம், என்னைவிட முப்பது கிலோ குறைந்தவராக இருந்திருக்கலாம். எப்படியாயினும், நேற்றைய பனியைப் பற்றிய சாட்சியத்தை நான் இன்றைக்கு நம்பியிருந்தேன்.

பனிக்கான அலவாங்கை இங்கே கடைகளில் ஸ்பட் பார் என்று கேட்டால் தருவார்கள். நெஞ்சளவு உயரமுள்ள இரும்புத் தண்டு. ஒரு முனையில் உளி வாய், மறுமுனையில் கைப்பட்டி. கைப்பட்டி இல்லாத அலவாங்கு முதல் நாளே கையிலிருந்து வழுக்கித் துளை வழியே ஏரிக்குச் சொந்தமாகிவிடும். நடக்கும்போது காலடி வைக்கப் போகும் இடத்தில் அதை ஓங்கிக் குத்த வேண்டும். இரண்டு மூன்று குத்துக்கும் கல்லைத் தட்டியதுபோல் கணீரென்று ஒலித்தால் அடியெடுத்து வைக்கலாம். தொம்மென்று ஒலித்தாலோ, உளி பட்ட இடத்தில் ஈரம் கசிந்தாலோ, வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். ஐம்பது மீற்றர் கூட இடைவெளி விடாமல் ஒரு சோதனைத் துளை போட்டு, அளவுகோலை உள்ளே விட்டு, அடி விளிம்பில் கொளுவி அளந்து பார்ப்பது என் வழக்கம்.

எத்தனை அளவு போதும் என்பதில் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபாடு உண்டு. ஒருவர் நடப்பதற்குத் தெளிந்த புதுப் பனிக்கட்டி 4 அங்குலம், அதாவது 10 சென்ரிமீற்றர், இருக்க வேண்டும் என்கிறது அமெரிக்காவின் மினசோட்டா மாநில இயற்கைவளத் துறை. கனடியச் செஞ்சிலுவைச் சங்கமோ 15 சென்ரிமீற்றர் கேட்கிறது. குழந்தைகளுடன் போகிறவர்கள் இரண்டாவது எண்ணையே மனத்தில் வைத்துக்கொள்ளட்டும். ஆனால் எண்ணைவிட முக்கியமானது நிறம். அசையாத குளிரில் மெல்ல உறைந்த பனிக்கட்டி கண்ணாடிபோல் இருக்கும், கீழே உள்ள இருள் அதனூடாகத் தெரிவதால் கறுப்பாகத் தோன்றும், அதுதான் உறுதியானது. மேலே விழுந்த பனியின் பாரத்தால் தளம் அமிழ்ந்து, வெடிப்புகள் வழியே நீர் மேலே வந்து, பனியோடு குழைந்து பிறகு உறைந்தால் அது பால் வெள்ளையாக இருக்கும். உள்ளே காற்றுக் குமிழிகள் நிறைந்த அந்த வெள்ளைக் கட்டிக்குக் கறுப்பினுடைய பலத்தில் பாதிதான் என்று கொண்டு, இரண்டு மடங்கு தடிப்பு இருந்தாலொழிய அதன்மேல் நிற்கக் கூடாது. தடிப்பாகப் பனி பெய்து கிடந்தால் ஏரி நன்றாக உறைந்திருக்கும் என்று எண்ணுவதும் தவறு. விழுந்த பனி ஏரிக்குப் போர்வை. போர்வைக்குக் கீழே பனிக்கட்டி தடிப்பது மந்தமாகிவிடும்.

காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2009 பெப்ரவரி 7 அன்று, ஒஹையோ மாநிலத்தின் ஈரி ஏரிக் கரையில், பனியில் விழுந்திருந்த ஒரு வெடிப்பின்மேல் மரத்தட்டுகளைப் பாலமாகப் போட்டுக் கடந்துபோய்ப் பலர் மீன்பிடித்தார்கள். காற்று கரையிலிருந்து ஏரிப் பக்கமாக வீசத் தொடங்கியதும், அவர்கள் நின்ற தளமே பிரிந்து மிதந்து போயிற்று. ஹெலிகொப்டர்களும் காற்றுப் படகுகளும் வந்து 134 பேரை மீட்டன, ஒருவர் இறந்துபோனார். அவர்கள் நின்ற பனியின் தடிப்பில் குறையில்லை. அது கரையோடு ஒட்டியிருக்கவில்லை என்பதுதான் குறை. வெடிப்பைத் தாண்டப் பலகை தேவைப்படுகிற இடத்துக்கு நான் போவதில்லை.

எல்லாம் பார்த்து நடந்தும் உள்ளே விழுந்துவிட்டால்? மனிற்றோபா பல்கலைக்கழகத்தில் குளிர் உடலை என்ன செய்கிறது என்று ஆராய்ந்து வந்த பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் பரப்பிய 1-10-1 என்ற கணக்கை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். முதல் 1 நிமிடம் மூச்சு நம் வசத்தில் இருக்காது. அப்போது செய்ய வேண்டியது தலையை நீருக்கு மேலே வைத்து, மூச்சைச் சீராக்கிக்கொள்வது மட்டுமே. அடுத்த 10 நிமிடம் கைகால்கள் சொன்னபடி கேட்கும். வெளியேறுவதற்கான நேரம் அதுதான். அதற்குப் பிறகும் உடற்சூடு இறங்கி நினைவு தப்புவதற்கு ஏறத்தாழ 1 மணி நேரம் இருக்கிறது. விழுந்த உடனே விறைத்துச் செத்துவிடுவோம் என்ற பயம் பலரிடம் இருக்கிறது. அந்தப் பதற்றத்திலேயே முதல் நிமிடத்தில் நீரை விழுங்கி மூழ்கிப் போகிறார்கள். வெளியேறுவதற்கு வந்த திசையையே நோக்கித் திரும்ப வேண்டும், ஏனெனில் உங்களைத் தாங்கிய பனி அந்தப் பக்கந்தான் இருக்கிறது. கால்களை நீந்துவதுபோல் பின்னுக்கு உதைத்து, உடலைக் கிடையாக்கி, கழுத்தில் தொங்கும் இரு கைமுட்களையும் பனியில் குத்தி இழுத்து ஏறி, ஏறியபின் எழுந்து நிற்காமல் உருண்டே விலக வேண்டும். மரப்பிடியில் ஆணி வைத்ததுபோன்ற அந்தக் கைமுட்கள் பத்து டொலருக்குள் கிடைக்கும். அவற்றைப் பைக்குள் வைத்திருந்தால் பயனில்லை. மேலங்கிக்கு வெளியே தொங்க வேண்டும். மிதக்கும் குளிராடை வாங்க வசதியுள்ளவர்கள் தூண்டிலுக்கு ஒதுக்கிய பணத்தைக் குறைத்தாவது அதை வாங்கட்டும்.

இனித் தூண்டில். ஊரில், இரணைமடுவின் வாய்க்கால் ஓரத்தில், மூங்கில் தடியும் தங்கூசியும் தக்கையும் ஒரு முள்ளும் இருந்தால் எங்களுக்கு மாலைப்பொழுது போதாது. அந்த எளிமைக்கு இங்கே மிக அருகில் வருவது பனித் தூண்டில்தான். கோடையில் 7 அடித் தடி எறிவதற்காக. பனியிலோ காலடியிலுள்ள துளைக்குள் இறக்குவதுதான் வேலை என்பதால் 28 அங்குலத் தடி தாராளம். மஞ்சள் பேர்ச் என்ற சிறு மீன் இரையைக் கௌவுவதில்லை, உறிஞ்சிப் பார்த்துத் துப்பும். ஆதலால் தடியின் நுனி, மூச்சு விட்டாலே அசைகிற மாதிரி மென்மையாக இருக்க வேண்டும். ட்ரவுட், வைற்ஃபிஷ் போன்ற பெரிய மீன்களுக்கு 36 அங்குலத்தில் சற்று முறுக்கான தடியொன்று தனியாகத் தேவைப்படும்.

நூலில்தான் நான் அதிகம் தவறு செய்திருக்கிறேன். முதலாம் ஆண்டு, கோடையில் உயிராக நம்பிய பின்னல் நூலோடு போனேன். பின்னல் இழைகளுக்கு இடையே நீரைப் பிடித்துக்கொள்ளும். வெளியே இழுத்த மறுகணமே அது உறைந்து கம்பிபோலாகி, வளையங்களை அடைத்து, உருளையில் சுற்ற மறுத்தது. இப்போது பேர்ச்சுக்கு 4 இறாத்தல், ட்ரவுட்டுக்கு 8 இறாத்தல் இழுவை தாங்குகிற ஃபுளோரோகார்பன் நூல்தான். அது நீரை உறிஞ்சாது, தானாக அமிழும், நீருக்குள் கண்ணுக்குத் தெரிவதும் குறைவு. இந்த ஏரியில் 1990களில் வரிக்குதிரைச் சிப்பிகள் பரவி நீரை வடிகட்டித் தெளிய வைத்துவிட்டதால், தடித்த நூலை மீன் தூரத்திலேயே கண்டுகொள்கிறது. வளையங்களில் பனி ஏறினால் நகத்தால் சுரண்டாதீர்கள், நூல் காயப்படும். தடியின் நுனியைத் துளைக்குள் சிறிது அமிழ்த்திப் பிடியுங்கள். வெளியே பூச்சியத்துக்குக் கீழே 15 பாகை இருந்தாலும் துளைக்குள் இருப்பது உறையாத நீர் அல்லவா, அதுவே கரைத்துவிடும்.

உருளையைப் பொறுத்தவரை, சாதாரண ஸ்பின்னிங் உருளை நூலை முறுக்கியே வெளிவிடும். முறுக்கேறிய நூலில் தொங்கும் சிறிய ஜிக், அதாவது தலையில் குண்டு வைத்த முள், பம்பரம்போல் சுற்றும். உயிருள்ள இரை சுற்றாது என்பது பேர்ச்சுக்குத் தெரியும். முறுக்கு விழாமல் நேராகச் சுற்றுகிற இன்லைன் உருளை இதற்குத் தீர்வு. ஜிக்கில் ஈயத்தைவிட டங்ஸ்டனையே வாங்குங்கள். ஒரே எடையில் அது உருவத்தில் சிறியது, விரைந்து அமிழும், அடித்தரையில் முட்டுவது கைக்கு நன்றாகத் தெரியும். தவிரவும், ஈயக்குண்டை விழுங்கிய லூன் பறவைகள் நஞ்சேறிச் சாகின்றன. கனடாவின் தேசியப் பூங்காக்களில் 50 கிராமுக்குக் குறைந்த ஈயக்குண்டுகளும் ஈய ஜிக்குகளும் தடைசெய்யப்பட்டுள்ளன. ட்ரவுட்டுக்கு ஸ்வீடிஷ் பிம்பிள் போன்ற ஒரு மினுங்கல் தகடும், கூடுதலாக, சிறு மீன் வடிவிலான ஜிக்கிங் ராப் என்ற போலி இரையொன்றும் போதும்; கடைச் சுவரில் தொங்கும் மிச்சமெல்லாம் மீனைவிட மனிதரைப் பிடிக்கத்தான். ஒன்ராறியோவில் பனியில் ஒருவர் இரண்டு தூண்டில் வரை போடலாம். ஆனால் அவற்றிலிருந்து 60 மீற்றருக்குள் நின்று, எந்நேரமும் இரண்டையும் கண்ணுக்குத் தெரிய வைத்திருக்க வேண்டும்.

பிடித்த மீனை விட்டுவிட எண்ணுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ட்ரவுட்டின் காற்றுப்பைக்கும் தொண்டைக்கும் இடையே குழாய் உண்டு. மேலே வரும்போது அது காற்றைக் கக்கிவிடும். பேர்ச்சுக்கு அந்த வழி இல்லை. ஆழத்திலிருந்து விரைவாக இழுத்தால் பை ஊதி, வயிறு வாய்வழியே பிதுங்கும். அதைத் திரும்ப விட்டாலும் பிழைப்பது அரிது. ஆழத்தில் பேர்ச் பிடித்தால் சட்டம் அனுமதிக்கும் எண்ணிக்கைக்குள் வீட்டுக்குக் கொண்டுபோய், மிளகாய்த்தூளும் மஞ்சளும் உப்பும் தடவிப் பொரித்துச் சாப்பிடுங்கள். அதைவிடச் சிறந்த பொரியல் மீன் இந்த நாட்டில் எனக்கு அகப்படவில்லை.

கூடாரத்துக்குள் எரிவாயு அடுப்பு வைப்பவர்கள் மேலும் கீழும் காற்றுவழி திறந்து வையுங்கள். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. மின்கலத்தில் இயங்கும் எச்சரிக்கைக் கருவியொன்று என் பெட்டியில் எப்போதும் இருக்கும்.

2024 பெப்ரவரி 11 அன்று, ஈரி உள்ளிட்ட ஐந்து பேரேரிகளின் பரப்பில் 2.7 சதவீதத்தில்தான் பனி இருந்தது. அந்த நாளுக்கு அதுவரை பதிவானவற்றில் மிகக் குறைந்த அளவு அது. பருவம் இப்படிச் சுருங்கச் சுருங்க, கிடைத்த சில வாரங்களை விட்டுவிடக் கூடாது என்ற ஆசையில் மார்ச்சிலும் ஏரிக்கு இறங்கத் தோன்றுகிறது. மார்ச் பனியை அளவுகோல் கொண்டு மதிப்பிட முடியாது. வெயில் உள்ளே ஊடுருவி, மெழுகுதிரிகளை நிறுத்தி அடுக்கியதுபோல் கட்டியைச் செங்குத்தாகப் பிளந்துவிடும். ஓர் அடி தடிப்பிருந்தாலும் ஒரு குத்தில் உதிரும்.

சில ஆண்டுகளுக்கு முன் மார்ச் மாதச் சனிக்கிழமையொன்றில் மருமகனைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். புதுத் தடி, புது உருளை, பளபளக்கும் சறுக்குவண்டி எல்லாம் அவன் வாங்கியவை. கரையிலிருந்து எண்பது அடி போயிருப்போம், மூன்றாவது குத்தில் அலவாங்கு பிடிவரை இறங்கிற்று. "மாமா, அங்கால பத்துப் பேர் இருக்கினம்" என்றான். இருந்தார்கள், அவர்கள் எந்த வழியால் போனார்கள் என்று எனக்குத் தெரியாது என்றேன். அவன் மறுபேச்சுப் பேசாமல் வண்டியைத் திருப்பினான். உயிர் இரைமீனையோ அது இருந்த நீரையோ ஏரியிலும், நீர்நிலைக்கு 30 மீற்றருக்குள்ளும் கொட்டுவது ஒன்ராறியோவில் குற்றம் என்பதால், வாளியைக் காருக்கு அப்பாலிருந்த பனிக்குவியல்வரை சுமந்துபோய் அவனே கவிழ்த்தான்.