வந்தான், வந்தானாம், வந்திருக்கான் போல

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கேரக்டராகப் பேசியே கதையை நகர்த்துவது டேபிள்டாப் ரோல்-பிளேயிங் ஆட்டம். அதில் ஆட்டக்காரர்களுக்குக் கண்ணும் காதும், கதையை நடத்தும் கேம் மாஸ்டரின் வாய்தான். அவர் சொல்லாத கதவு அங்கே கிடையாது. சொல்லிவிட்டு எங்கே என்று சொல்லாத கதவு ஐந்து பேர் மனதில் ஐந்து இடத்தில் இருக்கும். ஆட்டம் நடுவில் தொங்கிப்போனால், ஆட்டக்காரர்களுக்குக் கற்பனை போதவில்லை என்று நினைக்க வேண்டாம். முடிவெடுக்கத் தேவையான ஏதோ ஒன்று அவர்களிடம் போய்ச் சேரவில்லை என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

தமிழில் ஆட்டம் நடத்துபவர்களுக்காக இதை எழுதுகிறேன். உதாரணத்துக்கு ஒரு களம் வேண்டும். மருதநாயகம் என்ற யூசுப் கானிடம் இருந்த மதுரைக் கோட்டையை ஆங்கிலேயக் கம்பெனிப் படையும் ஆற்காட்டு நவாப் படையும் முற்றுகையிட்ட 1763-64ஐ எடுத்துக்கொள்வோம். நம்மூர் ஆட்டக்காரர்களுக்கு இதன் வரைபடம் பாதி காலிலேயே இருக்கிறது. நடுவில் கோயில், அதைச் சுற்றிச் சித்திரை வீதிகள், ஆவணி மூல வீதிகள், மாசி வீதிகள். 19ஆம் நூற்றாண்டில் பிளாக்பர்ன் கலெக்டராக இருந்தபோது கோட்டையை இடித்து அகழியை மூடிய இடத்தில் வந்தவைதான் வெளி வீதிகள். ஆகவே வெளி வீதி வரைதான் ஊர், அதைத் தாண்டினால் எதிரி. வடக்கே வைகை. இன்றைய ரயில்வே ஸ்டேஷன் இருக்கும் இடம் கோட்டைக்கு வெளியே. இந்த நாலு வரியை முதல் செஷனின் முதல் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால், பாதிப் பேர் இன்றைய பஸ் ஸ்டாண்டை மனதில் வைத்துக்கொண்டே திட்டம் போடுவார்கள்.

திசையைச் சொல்லும்போது இடது, வலது வேண்டாம். மேசையின் நாலு பக்கமும் ஆள் உட்கார்ந்திருக்கிறார்கள். உங்கள் வலது எதிரே இருப்பவருக்கு இடது. ‘அங்கிட்டு’ அதைவிட மோசம், கை நீட்டிய திசையைப் பார்க்காதவருக்கு அது ஒன்றுமே இல்லை. கீழ, மேல, தெற்கு, வடக்கு என்று தெருப்பெயரிலேயே திசை வைத்திருக்கும் ஊர் இது. அதையே பயன்படுத்துங்கள். மேசை மேல் வடக்கு எது என்று ஒரு அம்புக்குறி வரைந்து ஒட்டிவிடுங்கள். சுமார் 170 அடி உயரத் தெற்குக் கோபுரம் அன்றும் இருந்தது. பகல் காட்சிகளில் ‘கோபுரம் உங்களுக்குக் கிழக்கே தெரியுது’ என்றாலே ஆட்கள் நிற்கும் இடம் பிடிபட்டுவிடும்.

தூரத்துக்கு நம்மிடம் அழகான சொற்கள் உண்டு: கூப்பிடு தூரம், கல்லெறி தூரம். காட்சிக்கு உயிர் கொடுக்க அவற்றைச் சொல்லுங்கள், கூடவே அடிக்கணக்கும் சொல்லுங்கள். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி&டி) என்ற பிரபல ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பில் சாதாரண மனிதக் கேரக்டர் ஒரு சுற்றில் 30 அடி நடக்கும், மேப்பில் ஒரு கட்டம் 5 அடி. ‘கல்லெறி தூரம், 60 அடி’ என்றால் இரண்டு சுற்று என்று எல்லோருக்கும் ஒரே கணக்கு வரும். மேப்புக்குக் கிராஃப் நோட்டு போதும். ஆட்களுக்குப் புளியங்கொட்டை வைத்து, ஒவ்வொன்றிலும் மார்க்கரால் எண் போடுங்கள்.

இனிமேல் சொல்வதுதான் எனக்கு முக்கியம். செய்தியைப் பிரித்துச் சொல்லத் தமிழ் இலக்கணமே கருவி தருகிறது. பலர் அதைக் கவனிக்காமல் கலந்தடித்து விடுகிறார்கள்.

‘தூதுவன் தெற்கு வாசல்ல வந்தான்’ என்றால் அது நடந்தது. ‘வந்தானாம்’ என்றால் யாரோ சொன்னது. ‘வந்திருக்கான் போல’ என்றால் ஊகம். இந்த மூன்றையும் மேசையில் ஒப்பந்தமாகவே வையுங்கள். வெறும் வினைமுற்றில் சொன்னது உண்மை, அதில் கேம் மாஸ்டர் பொய் சொல்லமாட்டார். ‘ஆம்’ போட்டால் வதந்தி, விசாரிக்க வேண்டும். ‘போல’ வந்தால் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். இரண்டு செஷனில் ஆட்டக்காரர்களின் காது இதற்குப் பழகிவிடும். ‘யாரு சொன்னா?’ என்று அவர்களே கேட்பார்கள். அந்தக் கேள்வி வந்துவிட்டால் துப்பு ஆட்டத்தில் பாதி வேலை முடிந்தது.

இந்த ஒப்பந்தம் உடைவது பெரும்பாலும் அவசரத்தில்தான். காவல்காரன் தூங்குவதுபோல் நடிக்கிறான் என்று வையுங்கள். ‘ஒருத்தன் தூங்குறான்’ என்று சொல்லிவிட்டு, கிட்டப் போனதும் அவனை எழுப்பி வெட்ட வைத்தால் அது ஏமாற்று. ‘கண்ண மூடிச் சாஞ்சிருக்கான், கை கத்தி மேல இருக்கு’ என்று சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னீர்கள். கையைக் கவனிப்பதும் விடுவதும் அவர்கள் பாடு.

வினையின் ஈறும் செய்தி கசியும் இடம். முக்காடு போட்ட ஆள் மதிலோரம் நிற்கிறது. ‘நிக்கிறான்’ என்றால் ஆண் என்று சொல்லிவிட்டீர்கள். ‘நிக்கிறார்’ என்றால் மரியாதைக்குரியவர், வயதானவர் என்று எடுத்துக்கொள்வார்கள். ‘நிக்கிறா’ என்றால் பெண். தெரியக் கூடாது என்றால் ‘ஒரு உருவம் நிக்குது’ என்று அஃறிணைக்குப் போய்விடுங்கள். தயாரிப்பு நோட்டில் அந்த ஆளின் பெயருக்குப் பக்கத்திலேயே ‘முகம் தெரியும்வரை: உருவம், அது’ என்று எழுதி வைத்தால் பேச்சு வேகத்தில் வாய் தவறாது.

‘நீங்க’ இன்னொரு பள்ளம். மேசையில் ஒருவரை ஒருவர் மரியாதையாக ‘நீங்க’ என்று பேசுபவர்கள் இருந்தால், ‘நீங்க உள்ள போறீங்க, கதவு சாத்திக்குது’ என்பது ஒருவரைச் சொல்கிறதா, ஐந்து பேரையுமா? சண்டை வந்த பிறகுதான் ‘நான் வெளிய இருந்தேன்ல’ என்ற வழக்கு வரும். கேரக்டர் பெயரைச் சொல்லி, மற்றவர்கள் எங்கே என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: ‘வேலு மட்டும் உள்ள, மத்த நாலு பேரும் வாசப்படில.’ சண்டையில் எழுவாயை விழுங்கும் பழக்கத்தையும் விட வேண்டும். ‘வெட்டினான், விழுந்துட்டான்’ என்றால் விழுந்தது யார்? ‘ரெண்டாம் நம்பர் சிப்பாய், 7 உயிர்ப்புள்ளி போச்சு, இன்னும் நிக்கிறான், பாதிக்கு மேல காலி’ என்று சொன்னால் அடுத்த ஆட்டக்காரர் யாரை அடிப்பது என்று உடனே முடிவு செய்வார்.

நம்ம, உங்க வித்தியாசத்தை வைத்துத் துப்பே அமைக்கலாம். திண்டுக்கல்லிலிருந்து வந்த நம் தூதுவன் என்று சொல்லிக்கொள்பவன், பேச்சு வாக்கில் ‘உங்க கோட்டையில தானியம் எத்தனை நாளைக்கு வரும்?’ என்று கேட்கிறான். நம்மாள் என்றால் ‘நம்ம கோட்டை’ என்று வந்திருக்கும். கூர்ந்து கேட்கும் ஆட்டக்காரருக்கு இது விருந்து. ஆனால் இதை மட்டும் நம்பிக் கதையை நிறுத்தாதீர்கள். அந்த நேரம் ஒருவர் டீ ஊற்றிக்கொண்டிருப்பார். ‘இவன் ஒற்றன்’ என்ற முடிவுக்குக் குறைந்தது மூன்று வழி வேண்டும். இங்கே பேச்சு ஒன்று. வடமேற்கிலிருக்கும் திண்டுக்கல்லிலிருந்து வந்தவன் தெற்கு வாசல் வழியாக நுழைந்தான் என்ற காவலனின் சாட்சி ஒன்று. அவன் பையில் கோட்டை மதிலின் அளவுகள் எழுதிய தாள் ஒன்று. மூன்றில் ஒன்றாவது பகடை உருட்டாமல், தேடினாலே கிடைக்க வேண்டும். கதை நகர வேண்டிய ஒரே துப்பைப் பகடைக்குப் பின்னால் வைத்தால், 4 விழுந்த அன்று ஆட்டம் அங்கேயே நின்றுவிடும்.

பகடை உருட்டும் முன் சொல்ல வேண்டியவை இரண்டு: எவ்வளவு கடினம், தவறினால் என்ன. ஐந்தாம் பதிப்பில், பகடையில் விழுவதோடு கேரக்டரின் திறனுக்கான கூட்டெண்ணைச் சேர்த்து எட்ட வேண்டிய எண்: எளிது 10, நடுத்தரம் 15, கடினம் 20. கேரக்டருக்கு +3 இருந்தால் இருபது முகப் பகடையில் முறையே 70, 45, 20 சதவீத வாய்ப்பு. மதிலை நேரில் பார்ப்பவனுக்கு ஏற முடியுமா என்று ஓரளவு தெரியும். அந்த எண்ணை மறைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தவறினால் என்ன என்பது அதைவிட அவசியம். நீங்கள் ‘கல் உருண்டு சத்தம் கேட்கும்’ என்று நினைத்திருப்பீர்கள், அவர் ‘முப்பதடி கீழே விழுந்து சாவேன்’ என்று பயந்து பின்வாங்குவார். ‘15 வேணும். தவறினா விழமாட்ட, ஆனா முழிச்சிருக்கிற சிப்பாய் திரும்பிப் பார்ப்பான். ஏறுறியா?’ இவ்வளவுதான். கேட்ட பிறகு அவர் மனம் மாறினால் மாறட்டும்.

காட்சி வருணனை நாலைந்து வாக்கியத்தைத் தாண்டக் கூடாது. முதலில் இடமும் நேரமும், பிறகு வெளியேறும் வழிகள் எண்ணிக்கையோடு, கடைசியில் ஆபத்து. ஆபத்தை முதலில் சொன்னால் வில்லை எடுத்துவிடுவார்கள், மிச்சம் காதில் ஏறாது. ‘மேல மதிலோரச் சந்து, நடுச்சாமம். போறதுக்கு ரெண்டு வழி: தெற்கே சந்து இருட்டுக்குள்ள போகுது, மேற்கே மதில் மேல ஏற இடிஞ்ச படி. வடக்கே 60 அடில காவல் கொட்டகை, தீப்பந்தம் எரியுது, ரெண்டு சிப்பாய்.’ பொறி வைத்திருந்தால் அதன் அடையாளம் ஒன்றாவது இந்த வருணனையில் இருக்கட்டும், படியில் ஒரு கல் மட்டும் புதிதாக இருப்பதுபோல. அது எப்படி இயங்குகிறது என்பதை மட்டும் மறையுங்கள்.

புதுப் பெயர் ஒரு செஷனுக்கு மூன்று போதும், முதல் எழுத்து வேறு வேறாக. முத்து, முருகன், முனியாண்டி மூவரும் ஒரே நாளில் வந்தால் ராத்திரிக்குள் மூவரும் ஒரே ஆளாகிவிடுவார்கள். பெயர்களை ஒரு சார்ட் அட்டையில் எழுதி எல்லோருக்கும் தெரியும்படி வையுங்கள். கடிதம், ஓலை என்று கையில் கொடுப்பது எதுவானாலும் ஐந்தாறு வரிக்குள் இருக்கட்டும், ஆளுக்கொன்று ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். ஒரே பிரதி என்றால் ஒருவர் படிப்பார், நாலு பேர் போனை எடுப்பார்கள்.

அடுத்த செஷனைத் தொடங்கும்போது போன வாரக் கதையை நீங்கள் சொல்லாமல் ஓர் ஆட்டக்காரரைச் சொல்லச் சொல்லுங்கள். எது பதிந்தது, எது பதியவில்லை என்று அங்கேயே தெரியும். ‘தூதுவன் வடக்கு வாசல்ல வந்தான்ல?’ என்று அவர் தப்பாகச் சொன்னால் உடனே திருத்துங்கள்: ‘தெற்கு வாசல். காவலன் சொன்னப்ப வேலு கூட இருந்தான்.’ ஆட்டக்காரருக்கு நடுவில் ஆறு நாள் ஆபீஸும் வீடும் ஓடியிருக்கிறது. வேலுவுக்கு அது நேற்று ராத்திரி நடந்தது, அவன் மறந்திருக்கமாட்டான்.