ரேமை இரட்டிப்பாக்கியும் நகராத டேட்டாபேஸ்

திங்கள்கிழமை காலை பத்தரைக்கு பில்லிங் கவுண்டரிலிருந்து போன். "சார், பில் சுத்திக்கிட்டே இருக்கு." எங்களுடையது மருந்து மொத்த வியாபாரம். சனிக்கிழமை வரை உடனே வந்த பில், அன்று 14 செகண்ட் எடுத்தது.

சர்வரை வாடகைக்கு எடுத்திருக்கும் நிறுவனத்தின் சப்போர்ட்டுக்கு எழுதினேன். மூன்று மணி நேரம் கழித்து ஒரே வரியில் பதில்: உங்கள் லோடு கூடிவிட்டது, அடுத்த பிளானுக்கு மாறுங்கள். லோடு எங்கே கூடியது? அதே ஆறு கவுண்டர், அதே ஆட்கள். ஆனால் முதலாளி பக்கத்தில் நிற்கும்போது யார் வாதாடுவது? பணம் கட்டி, ரேமை 16 ஜிபியிலிருந்து 32 ஆக்கினோம். சர்வர் ரீஸ்டார்ட் ஆனது, கொஞ்ச நேரத்தில் பில் பறந்தது. நன்றி சொல்லி மெயில் வேறு அனுப்பினேன். அதை நினைத்தால் இப்போதும் எரிகிறது.

ஆறாம் நாள், பழைய குருடி கதவைத் திறடி.

இந்த முறை சப்போர்ட் பக்கமே போகவில்லை. நேரம் இழுத்த க்வெரியை (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வியை) எடுத்து, அது எப்படி ஓடுகிறது என்று காட்டும் எக்ஸ்பிளெய்ன் அனலைஸில் பஃபர்ஸையும் சேர்த்து ஓட்டினேன். நேரத்தை மட்டும் பார்க்காதீர்கள், எத்தனை பக்கம் படித்தது என்று சொல்லும் பஃபர்ஸ் வரியைப் பாருங்கள். ஸ்டாக் டேபிளில் 40 வரி எடுக்க 2 லட்சம் பக்கங்களைப் புரட்டியிருந்தது. பக்கத்துக்கு 8 கேபி என்றால் 1.6 ஜிபி. டேபிளில் இருப்பதோ 9,000 மருந்து!

எங்கள் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸில் அப்டேட் செய்தால் பழைய வரி உடனே போகாது, செத்த வரியாகக் கிடக்கும். தானாக ஓடும் துப்புரவு வேலையான ஆட்டோவேக்யூம் வந்து கூட்டிப் பெருக்க வேண்டும். எங்கள் ஜாப் ஒன்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எல்லா மருந்தின் இருப்பையும் திருத்தி எழுதுகிறது, குப்பைக்குக் கேட்கவா வேண்டும். ஆட்டோவேக்யூம் தூங்கிவிட்டதோ என்று பட்டப்பகலில், டேபிளையே புதிதாக எழுதிச் சுருக்கும் வேக்யூம் ஃபுல் போட்டேன். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். அது டேபிளை முழுக்கப் பூட்டிவிடும். நான்கு நிமிடம் ஆறு கவுண்டரும் உறைந்து நின்றன. முடிந்த பிறகு பார்த்தால் சைஸ் அப்படியே இருக்கிறது.

வயிற்றைக் கலக்கியது. அப்புறம் வெறும் வேக்யூமை வெர்போஸ் (விரிவான அறிக்கை) போட்டு ஓட்டி, அது சொன்னதை நிதானமாகப் படித்தேன். ஒரு கோடிக்கு மேல் வரிகள் செத்துவிட்டன, ஆனால் இன்னும் அகற்ற முடியாது என்றது. ஏதோ ஒரு பழைய டிரான்சாக்‌ஷன் (ஒன்றாகச் சேர்த்து முடிக்கவோ ரத்து செய்யவோ வேண்டிய மாற்றங்களின் தொகுப்பு) முடியாமல் திறந்தே கிடந்தால் இப்படி ஆகும். அது முடியும்வரை, அதற்குப் பிறகு செத்த வரிகளை வேக்யூம் தொடாது.

யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று காட்டும் பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டியை டிரான்சாக்‌ஷன் தொடங்கிய நேரப்படி அடுக்கினேன். முதல் வரியிலேயே ஆள் சிக்கினார்: ஐடில் இன் டிரான்சாக்‌ஷன், அதாவது திறந்துவிட்டுச் சும்மா கிடக்கிறது, ஐந்து நாளாக. ஐபியைப் பார்த்தேன். என் மேசைக் கம்ப்யூட்டர்!

கடைசியாக ஓடிய க்வெரி, ஒரு கடைக்காரரின் ஜிஎஸ்டி எண்ணைத் திருத்தும் அப்டேட். என் விண்டோவில், மாற்றத்தைத் தானாக உறுதிசெய்யும் ஆட்டோ கமிட் அணைந்திருந்தது. அங்கே எனக்கு மட்டும் புது எண் தெரிந்திருக்கிறது, மற்ற எல்லோருக்கும் பழையதுதான். அதற்கு முன்பே ஒருமுறை இதே எண்ணை இப்படித்தான் கமிட் இல்லாமல் திருத்தியிருந்தேன். ரேம் மாற்றியபோது கனெக்‌ஷன் அறுந்து, முதல் திருத்தம் காற்றோடு போயிருக்கிறது. டிரான்சாக்‌ஷன் ஒழிந்ததால் குப்பையும் பெருக்கப்பட்டிருக்கிறது. குணமாக்கியது ரீஸ்டார்ட், பேர் வாங்கியது ரேம். மறுநாள் கடைக்காரர் "நம்பர் இன்னும் தப்பாத்தான் வருது" என்று போன் செய்ய, 'அப்போதே மாற்றினேனே' என்று முனகிக்கொண்டே மறுபடி மாற்றினேன். மறுபடியும் கமிட் இல்லை.

அந்த செஷனை டெர்மினேட் செய்துவிட்டு, இரவு பதினொன்றுக்கு வேக்யூம் ஃபுல். 1.6 ஜிபி, சில எம்பியில் வந்து நின்றது. சும்மா கிடக்கும் டிரான்சாக்‌ஷனைத் தானாக வெட்டிவிடும் டைம்அவுட் போஸ்ட்கிரெஸ் 9.6 பதிப்பிலிருந்தே இருக்கிறது. டிஃபால்ட் பூஜ்யம், அதாவது அணைந்திருக்கும். உங்களுடையதை இன்றே பாருங்கள். நான் பத்து நிமிடம் வைத்திருக்கிறேன்.

ஜிஎஸ்டி எண்ணை மூன்றாம் முறை மாற்றி, கமிட் அடித்து, பக்கத்து கம்ப்யூட்டரில் திறந்து பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன். பழைய 16 ஜிபி பிளானுக்கே திரும்பலாமா என்று சப்போர்ட்டில் கேட்டேன். ஏறலாமாம், இறங்க முடியாதாம்.