தவணைத் தேதி இல்லாத புத்தகங்கள்

ஜனவரி 13, 2025, திங்கள்

நந்தனம் புத்தகக் காட்சி நேற்றோடு முடிந்தது. இந்த வருடம் டிசம்பர் 27-லேயே தொடங்கிவிட்டதால் பொங்கல் செலவுக்கு முன்பே பை காலி. எப்போதும் போல 10 சதவீதத் தள்ளுபடிதான், ஆனால் அந்தப் பத்துக்காக இல்லை, "இப்போ விட்டா அப்புறம் கிடைக்காது" என்ற பயத்தில்தான் வாங்குகிறேன். அந்தப் பயம் முழுப் பொய்யும் இல்லை. பல பதிப்பகங்கள் இப்போது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அச்சிடுகின்றன, அடுத்த பதிப்பு வருமா என்று பதிப்பாளரைக் கேட்டால் அவரே சிரிக்கிறார்.

இன்று போகி. அத்தை காலையிலேயே பரணை ஒழிக்க ஏறச் சொன்னார். பரணில் இருந்தது பாத்திரம் பாதி, என் புத்தகம் பாதி. "இதெல்லாம் படிச்சதா, படிக்கணுமா?" என்று கேட்டார். படிக்கணும் என்றேன். "போன போகிக்கும் இதையேதான் சொன்ன" என்றார். கீழே இறக்கி, தூசி தட்டி, வேப்பிலை வைத்து, திரும்ப மேலேயே ஏற்றினோம்.

ஜனவரி 25, சனி

கிளை நூலகம் போனேன். எங்கள் வீட்டில் இரண்டு அட்டை, ஒன்று அத்தையுடையது. அவருக்குக் குடும்ப நாவல்கள், சமையல், கோயில் தலபுராணம். எனக்குக் கையில் அகப்படுவது எல்லாம். புதுப் புத்தகங்கள் இங்கே வந்து சேர நாளாகும், நூலக ஆணை வந்து, அரசு வாங்கி, மாவட்டத்துக்குப் போய், அங்கிருந்து பிரித்து அனுப்பி, முத்திரை குத்தி, அடுக்கில் ஏறுவதற்குள் அந்தப் புத்தகத்தைப் பற்றி எல்லோரும் பேசி ஓய்ந்திருப்பார்கள். எனக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை. பேச்சு ஓய்ந்த பிறகும் எடுத்துப் பார்க்கத் தோன்றினால் அதில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

கொண்டுவந்ததை ஃபிரிட்ஜ் மேல் வைப்பதுதான் வழக்கம், கண்ணில் பட வேண்டுமே. கடைசிப் பக்கத்தில் ஒட்டிய தாளில் திருப்ப வேண்டிய தேதி முத்திரையாக விழுந்திருக்கும். அதற்கு முந்தைய முத்திரை 2014. பத்து வருடம் யாரும் தொடாத புத்தகத்தை நான் எடுத்து வந்திருக்கிறேன் என்ற பெருமையில் அன்று இரவே ஆரம்பித்துவிட்டேன். புத்தகக் காட்சியில் வாங்கிய பை இன்னும் கட்டிலடியில், பில்லோடு.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஒரு சட்டம் போட்டுப் பார்த்தேன்: நூலகத்தில் ஒன்று படித்தால் வீட்டில் ஒன்று. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நூலகத்திலிருந்து வந்தது 160 பக்கம், வீட்டில் முறை வந்தது 900 பக்கம். ஒன்றுக்கு ஒன்று என்று சொன்னது யார், நான்தானே, அதனால் பக்கத்துக்குப் பக்கம் என்று மாற்றினேன். அதுவும் நிற்கவில்லை. 900 பக்கத்தில் நான் தவழ்ந்துகொண்டிருக்கும்போதே நூலகப் புத்தகத்துக்குத் தவணை வந்துவிடுகிறது, உடனே அதை ஓரமாக வைத்துவிட்டு இதை எடுக்கிறேன், இதைக் கொடுக்கப் போன இடத்தில் புதிதாக இரண்டு கையோடு வருகின்றன.

அத்தை இதை ஒரே வரியில் சொல்லிவிட்டார். "உன் புத்தகம் எங்கேயும் போகாதுல்ல, அதான் அது கெடக்கு."

அதேதான். வாங்கிய புத்தகத்தை யாரும் திருப்பிக் கேட்பதில்லை. காத்திருக்கும் அடுத்த ஆளும் இல்லை. புத்தகத்தின் தரத்துக்கும் எதை முதலில் படிக்கிறேன் என்பதற்கும் தொடர்பே இல்லாமல் போகிறது, இது எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகவே இருக்கிறது. ஆசைப்பட்டு, காசு கொடுத்து, தோளில் சுமந்து வந்தது பின்னால் நிற்கிறது. போகிற போக்கில் எடுத்தது முந்திக்கொள்கிறது.

(இந்த வாரம் எடுத்த புத்தகத்தில் எனக்கு முன் படித்த யாரோ ஒருவர் ஒற்று மிகும் இடங்களில் எல்லாம் பென்சிலால் க், ச், ப் சேர்த்து வைத்திருக்கிறார். முதலில் கோபம் வந்தது, நூலகப் புத்தகத்தில் கிறுக்கலாமா என்று. முப்பது பக்கம் தாண்டியதும் அவர் எங்கே விட்டிருக்கிறார் என்று நான் தேட ஆரம்பித்துவிட்டேன். ஒரு இடத்தில் விட்டிருக்கிறார்.)

மார்ச் 9, ஞாயிறு

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் பல முறை போயிருந்தும் தரைத் தளத்தில் இருக்கும் சொந்த நூல் படிக்கும் பிரிவில் இதுவரை உட்கார்ந்ததில்லை. அது தேர்வுக்குப் படிப்பவர்களுக்கான இடம் என்று நினைப்பு. மேலே தமிழ் நூல்கள் இருக்கும் தளத்துக்கோ வேறு தளங்களுக்கோ நம் புத்தகத்தை எடுத்துப் போக முடியாது, பையைக் கீழேயே வைத்துவிட வேண்டும். சொந்தப் புத்தகத்துக்கு இந்த ஒரு பிரிவுதான்.

இன்று அந்த 900 பக்கத்தை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். காலையில் நேரத்தோடு போகாவிட்டால் நாற்காலி கிடைக்காது. சுற்றிலும் டிஎன்பிஎஸ்சி, யுபிஎஸ்சி, வங்கித் தேர்வுப் பிள்ளைகள். மேஜை முழுக்க ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை சமச்சீர்ப் பாடப் புத்தகங்கள், மூன்று நிறத்தில் அடிக்கோடு, சோற்று டப்பா, தண்ணீர் பாட்டில். எனக்கு எதிரே இருந்த பெண் என் நாவலை ஒரு பார்வை பார்த்தாள், இதிலிருந்துமா கேள்வி வருகிறது என்பது போல. அவ்வளவு பேர் தலை நிமிராமல் படிக்கும் அறையில் போனை எடுக்கக் கூச்சமாக இருக்கிறது. வீட்டில் அந்தக் கூச்சம் கிடையாது. மதியச் சாப்பாட்டுக்குள் நாவலில் மூன்று தலைமுறை கடந்துவிட்டது.

திரும்பி வரும்போதுதான் தோன்றியது. நூலகப் புத்தகத்தை வீட்டிலும் வீட்டுப் புத்தகத்தை நூலகத்திலும் படித்தால் என்ன? நூலகப் புத்தகத்துக்குத் தேதி இருக்கிறது, அது அடுப்படியிலும் பேருந்திலும் தானாக நகரும். வீட்டுப் புத்தகத்துக்குத் தேதி கிடையாது, அதனால் அதற்கு ஒரு இடத்தைக் கொடுக்க வேண்டும். சரி, பார்ப்போம்.

மார்ச் 23, ஞாயிறு

நடக்கிறது. 900 பக்கம் முடியப் போகிறது. அன்று எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு மாதிரித் தேர்வு நன்றாகப் போனதாம்.

ஏப்ரல் 12, சனி

சொத்து வரி கட்டினேன். ஏப்ரல் 30-க்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு என்பதால் அத்தை மாதம் பிறந்ததிலிருந்து நினைவுபடுத்திக்கொண்டிருந்தார். இந்த வரியில் நூலக வரியும் உண்டு, ரூபாய்க்கு 10 பைசா. 1948-இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டத்தில் தொடங்கியது இது, இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் வந்த முதல் மாகாணம் நம்முடையதுதான். அதற்குப் பின்னால் இருந்தவர் எஸ். ஆர். ரங்கநாதன். சீர்காழிக்காரர், மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர்.

ஆக, கிளை நூலகத்தில் இருப்பவையும் நான் காசு கொடுத்து வாங்கியவைதான். "சொந்தம்", "இரவல்" என்று நான் இத்தனை நாள் பிரித்து வைத்ததெல்லாம் எந்தக் கணக்கு? வாடகை வீட்டில் இருப்பவர்களும் இதைக் கட்டுகிறார்கள், வாடகைக்குள் அடங்கி.

ரங்கநாதன் 1931-இல் சொன்ன ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்படுத்துவதற்கே. மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர். நூலகங்களுக்குச் சொன்னது. என் பரணுக்கு அப்படியே பொருந்துகிறது. அதே 1931-இல் மன்னார்குடியில் மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் புத்தகம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் பரணுக்கும் கட்டிலுக்கும் நடுவே ஏழடி, அதைக் கடக்க ஒரு வண்டி இல்லை.

மே 3, சனி

எழும்பூர் கன்னிமாரா நூலகம். வெயில் தாங்கவில்லை, அதற்காகவாவது உள்ளே போகலாம். 1896-இல் திறந்தது, அந்தப் பழைய கட்டடத்தின் வளைவுகளையும் மர வேலைப்பாட்டையும் பார்த்துக்கொண்டே நின்றுவிடலாம்.

போனது வேறு காரியமாக. பழைய புத்தகக் கடையில் ஒரு கட்டுரைத் தொகுப்புக்கு யானை விலை சொன்னார்கள், அச்சில் இல்லையாம். வாங்கிவிடலாம் என்று கை போனது. அப்புறம்தான் கன்னிமாரா நினைவுக்கு வந்தது. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் பிரதியும் நான்கு நூலகங்களுக்குப் போக வேண்டும், அதில் ஒன்று இது. எல்லாப் பதிப்பாளரும் ஒழுங்காக அனுப்புகிறார்களா என்பது வேறு விஷயம். நான் தேடியது இருந்தது. கேட்டு வாங்கி, எனக்கு வேண்டிய இரண்டு கட்டுரைகளை அங்கேயே படித்தேன். மீதி எனக்குத் தேவையே இல்லை. கடையில் வாங்கியிருந்தால் அந்த இரண்டைக்கூட இந்நேரம் படித்திருக்க மாட்டேன்.

"இப்போ விட்டா கிடைக்காது" என்ற பயத்துக்கு எழும்பூரில் ஒரு பதில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது, அது பர்ஸுக்கு நல்லது, புத்தகக் கடைக்காரர்களுக்கு நல்லதில்லை. வாங்குவதை நிறுத்தப் போவதில்லை. கவிதைக்கும் அகராதிக்கும் தவணை ஒத்துவராது. பென்சிலோடு உட்கார்ந்தால்தான் படிக்க முடியும் என்கிற வகையும் அப்படித்தான். நாவலில் பெரும்பாலானவை ஒருமுறைதான், அதற்கு நூலகம் போதும். இதை மற்றவர்கள் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று இல்லை, நாவலைத் திரும்பத் திரும்பப் படிக்கும் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்கள் வீட்டில் பரண் பெரிதாக இருக்கட்டும்.

ஜூன் 15, ஞாயிறு

கோட்டூர்புரத்தில் இடமே இல்லை. டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வு ஜூலை 12 என்று அறிவித்ததிலிருந்து இப்படித்தான். வாசலில் காத்திருக்கும் பிள்ளைகளைப் பார்த்ததும், என் கவிதைத் தொகுப்புக்காக ஒரு நாற்காலியைப் பிடிப்பது நியாயமாகத் தோன்றவில்லை, திரும்பிவிட்டேன். தேர்வு முடியும்வரை வேறு இடம் பார்க்க வேண்டும். மொட்டை மாடி, காலை ஆறரைக்கு முன், கொசு இல்லாவிட்டால்.

அடுத்த ஜனவரிக்கு ஒரு பட்டியல் ஆரம்பித்திருக்கிறேன். நூலகத்தில் எடுத்து, முடித்து, திருப்பிக் கொடுத்த பிறகும் மறுபடி வேண்டும் என்று தோன்றியவை மட்டும் அதில் ஏறும். இதுவரை அதிகம் ஏறவில்லை. அத்தை பார்த்துவிட்டு, தான் திரும்பத் திரும்ப எடுத்துவரும் செட்டிநாட்டுச் சமையல் புத்தகத்தையும் எழுதச் சொன்னார். அதில்தான் பாதிப் பக்கம் மனப்பாடமாயிற்றே என்றேன். "மீதிப் பாதிக்குத்தான் சொல்றேன். அந்த நூலகத்தம்மா என்னைப் பார்த்தாலே அதை எடுத்து மேஜையில வெச்சிடுறா, வேற யாருக்காவது வேணும்னா?" என்றார். எழுதிவிட்டேன்.